இரண்டு பன்றித்தொடைகளோடு பாலத்தில் நின்ற கதை

ஸ்கெல்பெக், ஆற்றுக்கு இக்கரை
மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள நாத்தனார் ஹெஸ்டர் அக்காவுக்கு, உங்கள் தம்பி ஆமோஸின் மனைவி வின்னி பணிவோடு எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் படித்த கொஞ்ச நாளில் ஒழுங்காக மனதில் நின்றது அந்த ஒரு வரிதான், அதையும் இப்போது எழுத முடியவில்லை. அங்கே நீங்களும் அத்தானும் ஆட்டு மந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன், அதில் பொய் இல்லை.

ஆமோஸ் போன செய்தியைப் பாதிரியார் டெலிபோனில் சொன்னாராம். பனியில் கம்பி இரைந்ததால் "போய்விட்டார், அடக்கம் ஆயிற்று, எல்லாம் நல்லபடி நடந்தது" என்று சுருக்கமாக முடித்துவிட்டாராம். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை அவர் எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை, நடந்தபோது அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றார்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன் அக்கா. டாஸ்மேனியாவில் உங்கள் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்குமா? சமையலறை மூலையானாலும் போதும். கப்பலுக்குப் பயமில்லை, அங்கே இருக்கிற பாம்புக்குப் பயமில்லை, உங்கள் மாமியாருக்கும் பயமில்லை. எனக்குப் பயம் எங்கள் ஊர்ப் பாலம் ஒன்றுதான். உங்கள் தம்பி அக்கரையில் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார், நான் இக்கரையில் இருக்கிறேன், நடுவில் அது நிற்கிறது. அடக்கத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட நான் அவரிடம் போகவில்லை. காலையில் ஷால் போட்டுக்கொண்டு பாலத்து முனைவரை போவேன், கோழிக்குத் தீனி வைக்க மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவேன். கோழிகள் எல்லாம் கொழுத்துவிட்டன. புருஷனைப் பார்க்க முடியாத தூரத்தில்தான் இருக்கப் போகிறேன் என்றால், கண்ணுக்கு எதிரே கல்லறைக் கல் தெரிகிற தூரத்தைவிட உலகத்தின் மறுகோடி மேல். இதுதான் விஷயம். ஏன் என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

நீங்கள் இங்கே இருந்தபோது அந்தப் பாலத்தின் மேல் மாட்டு வண்டி போகும், ஆடு போகும், ஞாயிற்றுக்கிழமை நாம் போவோம். இப்போது பால் லாரி போகிறது, வருஷா வருஷம் லாரி பெருத்துக்கொண்டே போகிறது, பாலம் அப்படியேதான் இருக்கிறது. வளைவுக்கு அடியில் விரிசல் விட்டிருக்கிறது, பலப்படுத்த வேண்டும் என்று கவுன்சிலில் சொல்லிவிட்டார்கள். பலப்படுத்துவது என்றால் மேலே எதையாவது பூசுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவர்கள் வந்து பாலத்தின் முதுகைத் தோண்டிவிட்டார்கள் அக்கா. தாரைப் பெயர்த்து, உள்ளே அடைத்திருந்த மண்ணையெல்லாம் வாரி வெளியே கொட்டி, தோலுரித்த ஆடு மாதிரி வெறும் கல்வளைவு மட்டும் நிற்கிறது. அதன்மேல் சேணம் போட்ட மாதிரி கான்கிரீட் போர்த்தி, திரும்ப மண்ணை நிரப்பி, பழையபடி ரோடு போடுவார்களாம். அதற்குள் உறைபனி வந்துவிட்டது. உறைபனியில் சுண்ணாம்பும் பிடிக்காது, கான்கிரீட்டும் பிடிக்காது, வேலையாட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பூசின சுண்ணாம்பு பனியில் உதிராமல் இருக்க வைக்கோலும் சாக்கும் போட்டு மூடினார்கள், அது பற்றாமல் ஊரில் பழைய போர்வை கேட்டார்கள். உங்கள் தம்பி என்ன செய்தார் தெரியுமா, எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் தைத்துக் கொடுத்த மெத்தைப் போர்வையை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்துக்குப் போர்த்திவிட்டு வந்தார். எனக்குக் குளிராதா என்று கேட்டேன். "உனக்கு நான் இருக்கேன், பாலத்துக்கு யாரு இருக்கா?" என்றார். இப்போது பாலத்துக்குப் போர்வை இருக்கிறது.

பாலத்தைப் பார்த்துக்கொள்ள மேஸ்திரி ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டாப்ஸ் என்று பெயர், நியூகாசில்காரர், நம் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் உருளைக்கிழங்கைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். அவர் வந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பாலம் எப்படி நிற்கிறது என்று காட்டினார். டீ கெட்டிலுக்கும் ஜாம் ஜாடிக்கும் நடுவில் ரொட்டித் துண்டுகளை வளைவாக அடுக்கினார். கல்வளைவுக்குப் பாரம்தான் பலமாம். மேலே பாரம் இருக்கிறவரை கல்லும் கல்லும் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். மண்ணைத் தோண்டும்போது ஒரே பக்கம் தோண்டிவிட்டால் மறுபக்கத்துப் பாரம் அழுத்தி இந்தப் பக்கம் துள்ளி எழும்பிவிடுமாம், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகத்தான் எடுக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே ஒரு பக்கம் விரலால் அழுத்தினார், மறுபக்கத்து ரொட்டி எகிறிக் குழம்பில் விழுந்தது. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. உங்கள் தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றையிலிருந்து ஆமோஸ் போகிற இடமெல்லாம் இதே வேலை. மதுக்கடையில் டாமினோக் கட்டைகளை வளைத்துக் காட்டினார், கோயிலில் பாட்டுப் புத்தகங்களை வளைத்துக் காட்டினார். காட்டக் காட்ட விஷயம் வளர்ந்தது. மண் தோண்டுவதைப் பற்றி மேஸ்திரி சொன்னது, இப்போது மனுஷர் நடப்பதைப் பற்றி ஆகிவிட்டது. வெறும் வளைவின் மேல் இந்தக் கரையிலிருந்து ஒருவர் ஏறினால் அந்தக் கரையிலிருந்தும் அதே எடைக்கு ஒருவர் ஏற வேண்டும், இல்லாவிட்டால் கல் துள்ளிவிடும் என்று ஊரே நம்பிவிட்டது. பலகை இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள், போகிறவர்களுக்கு ஒன்று, வருகிறவர்களுக்கு ஒன்று. தபால்காரர் முனையில் நின்று விசில் அடிப்பார், எதிர்க்கரையில் யாராவது வரும்வரை காத்திருப்பார். கொழுத்த பெர்த்தாவுக்கு ஈடு கிடைக்காமல் அவள் பாதிநாள் குளிரில் நின்றாள், கடைசியில் பாதிரியாரும் அவர் மனைவியும் சேர்ந்து வந்து அவளை இறக்கிவிட்டார்கள். நான் ஒருநாள் ஆமோஸிடம், வளைவுக்கு அடியில் அத்தனை மரம் கட்டி வைத்திருக்கிறார்களே, அது தாங்காதா என்று கேட்டேன். "அது சாரம்டீ. கொத்தனாருங்க நின்னு டீ குடிக்கறதுக்கு" என்றார். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆமோஸ் அவர் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைத்தார். வாய் மூடிக்கொண்டது.

அப்போதே அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மேஸ்திரி வந்த வாரமே டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவரிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் பேச்சே ஒரு தினுசாக இருந்தது. படுத்திருந்தவர் திடீரென்று, "வின்னி, ரூபன் இப்பவும் அதே குண்டாத்தான் இருக்கானா, இல்ல இளைச்சிட்டானா?" என்று கேட்டார். நான் பயந்துபோனேன். உங்கள் இரண்டு தம்பிகளும் பேசிக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். வைக்கோல் வண்டி இடித்துப் பாலத்துக் கைப்பிடிச்சுவர் ஆற்றில் விழுந்ததே, அன்றைக்கு வண்டியை ஓட்டியது நீ என்று இவர், பின்பக்கம் தள்ளியது நீ என்று மூத்தவர். அதோடு அவர் அக்கரை, இவர் இக்கரை. கோயிலில்கூட ஆளுக்கொரு ஓரம். அப்படிப்பட்டவர் இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அண்ணன் பெயரைச் சொன்னார், அதுவும் எடை விசாரிக்க. ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று நெற்றியில் துணி போட்டேன். அப்படியே குண்டாகத்தான் இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். "நல்லது" என்றார். மறுநாள் டீ கலந்து கொண்டுவந்தேன், நாற்காலியில் சாய்ந்தபடி போயிருந்தார். அந்த டீயை எனக்குக் கொட்ட மனம் வரவில்லை, ஆறவிட்டு நானே குடித்தேன்.

அழுவதற்குக்கூட நேரம் இல்லை அக்கா, பயப்படுகிற வேலையே அவ்வளவு இருந்தது. மேட்டு ரோடு பனியில் மூடிக் கிடந்தது, சுற்றிக்கொண்டு போக வழி இல்லை. குழி அக்கரையில், சின்னதிலேயே போய்விட்ட எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில். இன்னும் இரண்டொரு நாளில் பனி உருகும், உருகினால் ஆறு ஏறும், ஆறு ஏறினால் பாலமே இருக்காது என்று எல்லோரும் என் முன்னால்தான் பேசினார்கள். மேலாற்றில் கிளிஃபோர்டுக்குச் சொந்தமான சின்னப் பாலம் இருக்கிறதே, அவரிடம் ஆளனுப்பினேன். அவரே நேரில் வந்துவிட்டார், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். பிணம் போன வழி பொதுவழி ஆகிவிடும், பிறகு யார் போனாலும் தடுக்க முடியாது என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறாராம், அவர் தாத்தாவும் சொல்லியிருக்கிறாராம். "ஆமோஸ் உயிரோட நூறு தடவ வந்திருந்தா நான் வேணாம்னா சொல்லுவேன்? பொணமா ஒரு தடவ வேண்டாம்மா" என்றார். அந்தப் பாலத்து வாசல் கேட்டில் ஒரு குண்டூசி குத்தி வைத்துவிட்டுப் போனால் அது பொதுவழி என்று கணக்கில் வராது என்று தச்சர் ஜேப்ஸ் சொல்லிப்பார்த்தார். குண்டூசி துருப்பிடித்தால் என்ன ஆகும் என்று கிளிஃபோர்டு கேட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜேப்ஸ்தான் எங்கள் ஊரில் பெட்டி செய்கிறவர், அடக்கம் நடத்துகிறவரும் அவர்தான். அவர் என் சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். தூக்குகிற ஆறு பேருக்கு ஆறு பேர் அக்கரையிலிருந்து வரவேண்டும், அது ஆகிற காரியம். ஆனால் ஆமோஸுக்கு ஈடு? உங்கள் தம்பி உடம்பு உங்களுக்குத் தெரியும். அக்கரையில் இருக்கிறவர்கள் எல்லாம் பாதிரியார் மாதிரி கொக்குகள், ஆறு பேர் போக மிச்சம் இருக்கிறவர்களைச் சேர்த்தாலும் ஈடாகாது. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அந்த எடைக்கு அக்கரையில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்று.  பெயரை நான்தான் சொன்னேன், ரூபன் என்று. மேஸ்திரி அடுப்போரம் உட்கார்ந்திருந்தார், ஜேப்ஸ் அவரிடம் இது சரிதானா என்று கேட்டார். மேஸ்திரி இருமினார், காலைப் பார்த்துக்கொண்டு, "சமமா நடந்தா ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

ஜேப்ஸ் கரையில் நின்று வாயில் கையைக் குவித்து மூத்தவர் வீட்டைப் பார்த்துக் கத்தினார், நானும் பக்கத்தில் நின்றேன். ரூபன் வாசலில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான், ஆமோஸ் முன்னறையிலேயே இருக்க வேண்டியதுதான், பனி உருகினால் என்ன செய்வேன் என்று ஜேப்ஸைப் பிடித்து உலுக்கினேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. "பெட்டி என்ன மரம்?" என்று கத்தினார். ஓக் என்று ஜேப்ஸ் கத்தினார்.  பிறகு, "அப்ப ரெண்டு தொடை வேணும்" என்று வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஜேப்ஸ்தான் விளக்கினார். அவர் எடை ஆமோஸுக்கு, பெட்டியின் எடைக்கு அவர் வீட்டுப் புகைக்கூண்டில் தொங்குகிற உப்புப் போட்ட பன்றித்தொடை இரண்டு. அடக்கச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடை இல்லாமல் போகப்போகிறதே, ஊர் என்ன சொல்லும் என்று அதுவரை உள்ளுக்குள் நான் அழுதுகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை. இக்கரையில் ஆறு பேர் தோளில் ஆமோஸ், பின்னால் நான் மட்டும், மற்றவர்கள் பிறகு ஜோடி ஜோடியாக வரட்டும் என்று ஜேப்ஸ் உத்தரவு. அக்கரையில் ஆறு கொக்குகள், அவர்களுக்கு முன்னால் ரூபன், தோளுக்கு ஒன்றாக இரண்டு தொடைகள். ஜேப்ஸ் கரையோரம் மிச்சமிருந்த கைப்பிடிச்சுவர் மேல் ஏறி நின்று "அடி" என்பார், இரண்டு பக்கமும் ஒரு அடி. "அடி" என்பார், இன்னொரு அடி. பலகை முனகியது. பலகைக்குக் கீழே வைக்கோல், வைக்கோலுக்குக் கீழே கல், கல்லுக்குக் கீழே ஆறு. ஒரு இடத்தில் பலகை ஓரமாக எங்கள் கல்யாணப் போர்வையின் நீலமூலை நீட்டிக்கொண்டிருந்தது, அதன்மேல்தான் அவர் போனார், அதன்மேல்தான் நான் மிதித்தேன். ஆண்டவரே, இவரை ஆற்றில் விட்டுவிடாதேயும், இவருக்கு நீச்சல் தெரியாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது தப்பாகப் படவில்லை.

நடு வளைவில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்தன. ரூபன் நின்றுவிட்டார். நிற்கக்கூடாது என்று ஜேப்ஸ் கெஞ்சினார். ரூபன் காதில் வாங்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுவர இடிச்சது நீதான்டா. போவட்டும்."

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கணக்குப்படி ஆமோஸ் அக்கரைக்கு இறங்க இறங்க, ரூபன் இக்கரைக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் குழி அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம். இதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை அக்கா, எடை எடை என்று அதிலேயே இருந்துவிட்டோம். "நான் அந்தப் பக்கம் போயி என்னத்தப் பண்றது? என் தம்பிய நான் தூக்காம வேற யாரு தூக்குவா?" என்றார் ரூபன். நீங்கள் இறங்காவிட்டால் வளைவு துள்ளிவிடும் பெரியவரே என்று ஜேப்ஸ் சுவர்மேல் நின்று அழாத குறையாகச் சொன்னார். ரூபன் திரும்பி, இரண்டு தொடைகளையும் என் கையில் கொடுத்தார்.

"வின்னி, இதப் பிடி. நீ எறங்கு அந்தப் பக்கம்."

"நான் அவர்கூடப் போகணும் அத்தான்."

"நீ அவன்கூடப் போனா அவன் ஆத்தோட போயிடுவான்மா."

தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தார். விலகினவர் என் பக்கம் வந்தார். வின்னியும் இரண்டு தொடையும் ஒரு ஆளும் சேர்ந்தால் ஏறக்குறைய ரூபன்தான் என்று ஜேப்ஸ் கணக்குப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு "அடி" என்றார்.

அந்த அடிகளைத்தான் அக்கா என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு முதுகைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை, அதனால் பின்பக்கமாகவே நடந்தேன். அவரை ஒரு அடி அந்தப் பக்கம் கொண்டுபோவார்கள், நான் ஒரு அடி இந்தப் பக்கம் வருவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பின்னால்தான் நடந்தேன், திட்டிக்கொண்டே நடந்தாலும் பின்னால்தான். இப்போது நான் விலகினால்தான் அவர் பத்திரமாகப் போவார் என்று ஆகிவிட்டது. கையில் தொடைகள் கனத்தன, கண்ணைத் துடைக்கக் கை இல்லை. கண்ணீர் எல்லாம் பன்றித்தொடை மேல் விழுந்தது. உப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது.

அவர்கள் அக்கரையில் மண்ணை மிதித்தார்கள். நான் இக்கரையில் மண்ணை மிதித்தேன். பாலத்தில் யாரும் இல்லை. எதிரிலிருந்து வர ஆள் ஏற்பாடு செய்கிறேன், பொறுங்கள் என்று ஜேப்ஸ் சொன்னார், நான் பொறுக்கவில்லை. தொடைகளோடு ஓடினேன். ஒத்தையாக, எதிரே ஒரு ஈடும் இல்லாமல். ஒவ்வொரு பலகையும் காலுக்குக் கீழே துள்ளியது, பின்னால் கல் விழுகிற சத்தம் கேட்டது. ஜேப்ஸின் தொப்பிதான் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள், எனக்கு அது கல்தான். குழியருகே போய்ச் சேர்ந்தபோது பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னையும் என் கையையும் பார்த்தார். ஒருவர் தொடைகளை வாங்கிக்கொண்டார். கொழுப்பு அப்பின கையால்தான் மண் போட்டேன், மண் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

சாப்பாடு பாதிரியார் வீட்டில். ரூபன்தான் தொடையை அறுத்துப் பரிமாறினார், மெல்லிசாக, எல்லோருக்கும் வரும்படி. மேட்டு ரோடு திறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டு, பால் லாரியில் மலையைச் சுற்றி வீடு வந்து சேர்ந்தேன். அதோடு சரி. பாலம் இன்னும் அப்படியே வெறும் வளைவாக நிற்கிறது, ஈரம் காயட்டும் என்கிறார்கள். அந்த ஓட்டம் எனக்குச் சொப்பனத்தில் வருகிறது, சொப்பனத்தில் நான் போய்ச் சேருவதில்லை. ஆகையால் அக்கா, தயவுசெய்து கட்டிலுக்கு இடம் பாருங்கள். நான் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவேன். உங்கள் ஊரில் என் கண்ணில் படும்படி பாலம் எதுவும் இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உங்கள் மாமியாருக்கும் ஒன்று. உங்கள் மேலும் உங்கள் கூரையின் மேலும் கர்த்தருடைய கை இருப்பதாக, ஆடுகள் பெருகுவதாக, காலில் இருக்கிற வாதம் தீருவதாக.

இப்படிக்கு,
உங்கள் பதிலையே பார்த்துக்கொண்டிருக்கும்
வின்னி ஐவ்சன்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி மேஸ்திரியிடம் கொடுத்தேன். டாஸ்மேனியாவில் யார் என்று கேட்டார். நான் போகப் போகிறேன், உங்கள் பாலம்தான் காரணம் என்றேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றிவிட்டார். வளைவுக்கு அடியில் இருக்கிறது டீ குடிக்கிற சாரம் இல்லையாம். அது சென்ட்ரிங்காம், மொத்த வளைவும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறதாம், பால் நிறைத்த லாரியே போகலாமாம், ஆறு பேரும் ஆமோஸும் கொசுவுக்குச் சமானமாம். அடப்பாவி, ஏன் சொல்லவில்லை என்றேன். "வந்த மொத வாரமே உங்க வீட்டுக்காரர் கேட்டாரும்மா, பொணப்பெட்டி போகுமான்னு. தாராளமாப் போகும்னேன். அப்ப வாயத் தொறக்காம இரு தம்பி, என் அண்ணன் வேற எதுக்கும் எனக்கு எதிர்ல வரமாட்டான்னாரு" என்றார்.

உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கட்டில் வேண்டாம் அக்கா. ரூபன் அத்தான் தினமும் அக்கரையிலிருந்து கை காட்டுகிறார், அதுவரை சரி. ஆனால் அண்ணனை எதிரே வரவழைக்க ஆமோஸ் என்னைப் பின்பக்கமாக நடக்கவிட்டாரே, அந்தக் கணக்கை நான் யாரிடம் கேட்பது? நாளைக் காலையில் பாலம் தாண்டி அவர் கல்லறைக்குக் கிளம்புகிறேன். கோழிக்குத் தீனி இன்றைக்கே வைத்துவிட்டேன். துணைக்கு நானும் வரட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். வேண்டாம், இது புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று சொல்லிவிட்டேன்.